கிண்ணத்தின் மறுபக்கம்

காலையில் பட்டறையைத் திறந்து துணியை விலக்கினேன். தேவாலயப் பூசைக் கிண்ணத்தின் பொன் விளிம்பில் ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது. கீழுதட்டின் வடிவம்.

பூச்சு எப்படி ஏறுகிறது என்று சொன்னால்தான் இது புரியும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் போலாகும். அதை வெள்ளிக் கிண்ணத்தில் தடவிக் கரி நெருப்பில் காட்டினால், பாதரசம் புகையாகப் போகும். தங்கம் ஒட்டி நிற்கும். பிறகு அதன்மேல் பாதரசம் பட்டால் மறுபடி வெளுக்கும். நெருப்பில் காட்டினால் வெளுப்பு போய்விடும்.

காட்டினேன். போனது.

மறுநாள் அதே இடத்தில் இருந்தது.

பட்டறையில் பாதரசமே இல்லை. அதைக் கையாண்ட என் கூட்டாளி பிந்தோ செத்து ஒரு மாதமாகிறது. மிச்சத்தை அப்போதே விற்றுவிட்டேன். சாவி என்னிடம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சியென்னா நகரத்து ஆயர் கிண்ணத்தை அர்ச்சித்துப் புனிதமாக்குவார். அதன்பின் எங்களைப் போன்றவர்கள் அதை விரலால்கூடத் தொடக்கூடாது. பங்குச் சாமியார் உகோ தினமும் பூசையில் அதில் திராட்சை ரசம் குடிப்பார். வெளுப்பு அவர் வயிற்றுக்குள் போகும். பிந்தோவுக்கு முதலில் பல் விழுந்தது. பிறகு கை நடுங்கியது.

அவன் மனைவி தெஸ்ஸாவை அழைத்துக் காட்டினேன். அவள் கிண்ணத்தை முகர்ந்தாள். பாதரசப் புகையைத் தங்கம் இழுத்துக்கொள்ளும் என்று பிந்தோ வாயில் ஒரு தங்கக் காசை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வான். சாயங்காலம் துப்பும்போது காசு இப்படித்தான் வெளுத்திருக்கும்.

"அவரு வாய்தான் அண்ணே," என்றாள் மெதுவாக. "நாப்பது கிண்ணத்துக்குப் பூச்சு போட்டவரு. இதுல ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்னு கேட்டாரே. என்ன சொன்னீங்க?"

பூசையில் எங்களுக்கு அப்பம் மட்டும்தான்; கிண்ணம் சாமியாருக்கு. பல்லில்லாத வாய்க்கு ஆசையைப் பார் என்று சிரித்திருந்தேன்.

உதடு எப்போதும் ஒரே பக்கம்தான் படிந்தது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கிண்ணத்தின் பாதத்தில், சிறிய சிலுவை ஒன்றைச் செதுக்க உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால், வாய்க்குள் காசு புரளும் சத்தம்.

நான் திரும்பவில்லை.

சிலுவையைத் தன் பக்கம் வைத்தே குடிக்கும்படி உகோ சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஆறு மாதமாயிற்று. அவர் திடமாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் பட்டறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேரி, கிண்ணம் எங்கயாவது ஒழுகுதாப்பா? நான் வாய் வைக்கிறதுக்குள்ள தினமும் ஒரு வாய் குறைஞ்சிருது."

அது ஒழுகாது. செய்தவன் நான்.

"ஒரு வாய் கூடுதலா ஊத்துங்க சாமி," என்றேன்.

அன்றிலிருந்து சரியாக இருக்கிறதாம்.