குழாய்ப்பிள்ளைகளின் தேர்வு

இருபத்து நான்கு விடைத்தாள்களையும் கூட்டி முடித்தபோது அவளுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. எல்லாத் தாள்களின் அடியிலும் ஒரே எண். முப்பத்தொன்று. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கூட்டியதைக் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றுதான்.

ஒன்றைப் பார்த்து ஒன்று செய்திருக்க வழியில்லை. தேர்வறைக்கு ஒவ்வொன்றாகத்தான் அழைத்து வருவார்கள். தவறுகளும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று படங்களில் கோட்டை விட்டிருந்தது, இன்னொன்று எண்ணிக்கையில், மற்றொன்று நிறங்களில். வேறு வேறு சந்துகளில் நுழைந்து, இருபத்து நான்கும் ஒரே வாசலில் வந்து நின்றிருந்தன.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் தேர்வறை சாயங்காலம் போல மங்கிக் கிடந்தது. சுவரின் உச்சியில் இருந்த ஒற்றை ஜன்னலில் தண்ணீர் வழிய வழிய, அதன் நிழல் மேசைமேல் ஊர்ந்தது. தாள்களிலிருந்து அந்த வாசனை வந்தது: நனைந்த கம்பளியும் குழந்தைப் பவுடரும் கலந்தது போன்ற, குழாய்ப்பிள்ளைகளின் வாசனை.

அந்த நிறுவனம் உயிர்களை உருவாக்கி விற்றது. கடலடியில் கேபிள் பதிக்க ஓர் இனம், உயரமான கோபுரங்களில் ஏறிப் பெயின்ட் அடிக்க ஓர் இனம் என்று ஒவ்வொரு கிளையிலும் ஒரு வேலை. இந்தக் கிளையில், கழிவுநீர்க் குழாய்களுக்குள் நுழைந்து அடைப்பெடுக்கிற பிள்ளைகள். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கைகள், மெலிந்த நீண்ட விரல்கள், இருட்டுக்கென்றே அகலமாக்கப்பட்ட கண்கள், சாம்பல் நிறக் குட்டை ரோமம். குரல் மட்டும் கிடையாது. குழாய்க்குள் குரல் எதற்கு என்று வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

சொன்னதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அவற்றுக்கு அறிவு வேண்டும், அதற்கு மேல் கூடாது. தேர்வில் நூற்றுக்கு நாற்பது வாங்கிவிட்டால் சட்டப்படி அது பிராணி இல்லை, ஆள். ஆளை விற்க முடியாது. அதனால் ஒரு பிள்ளை நாற்பதைத் தொட்டாலும், வெளியே தெரிவதற்கு முன்னால் அந்த பேட்ச் முழுவதையும் மூடிவிடுவார்கள். ‘மூடுவது’ என்பதுதான் அங்கே புழங்கிய சொல். அந்த எண்ணைச் சொல்வதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மார்க்கம்மா.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. பிள்ளைகளைப் பராமரிக்கிற தாடிக்காரர் தலையை நீட்டினார். தாடியை எடுத்து ஆறு வருடமாகியும் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

“என்ன மார்க்கம்மா, முடிஞ்சுதா? நாளைக்கு லாரி வருது. ஆபீஸ்ல சர்டிபிகேட் கேட்டு உயிரை வாங்குறாங்க.”

“எல்லாத்துக்கும் முப்பத்தொண்ணு வந்திருக்கு.”

“நல்லதுதானே. நாற்பதுக்குக் கீழதானே இருக்கு.”

“எல்லாத்துக்கும்ங்க. ஒண்ணு கூட முன்ன பின்ன இல்ல.”

அவர் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படித் துடைப்பதை அவள் முன்பு ஒருமுறைதான் பார்த்திருந்தாள்.

“எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கம்மா,” என்றார் தரையைப் பார்த்தபடி. “இதையெல்லாம் கிளறாதீங்க.”

அந்த ஒருமுறை நான்கு வருடத்துக்கு முன்னால். பதினாறு பிள்ளைகள் கொண்ட பேட்ச். அதில் ஒன்று ஐம்பத்திரண்டு வாங்கியது. கேள்விகள் முடிந்த பிறகும் அது நாற்காலியை விட்டு இறங்காமல், நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. இன்னும் இருக்கிறதா என்று கேட்பது போல. பரீட்சை அதற்குப் பிடித்திருந்தது. அவள் ஐம்பத்திரண்டு என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே பதினாறையும் கொண்டுபோய் அடைத்தார்கள். தாழ்வாரக் கடைசியில் இருந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓட ஆரம்பித்து, நாற்பது நிமிடம் ஓடியது. அன்றிலிருந்து அவள் வீட்டுச் சமையலறையில் புகைவிசிறியைப் போடுவதில்லை. கண் எரிய எரியச் சமைத்தாலும் போடுவதில்லை. கணவர் ஏன் என்று ஒருமுறை கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த நான்கு வருடத்தில் எந்தப் பிள்ளையும் நாற்பதைத் தொட்டதில்லை. அதை அவள் தன் நல்ல காலம் என்றே நினைத்திருந்தாள்.

இப்போது அது நல்ல காலம்தானா என்று தோன்றியது.

“ஒரே ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க,” என்றாள். “நானே ஒரு தடவை பார்த்துடறேன்.”

நாற்பது கேள்விகளை அவளே புதிதாக எழுதி, தாளுக்குப் பதில் தேர்வறைத் திரையில் ஏற்றினாள். கல்லூரி மாணவர்களே முழிக்கிற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெட்டி, அதில் ஒன்று சரி. தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எட்டோ பத்தோ சரியாக விழும். எட்டோ பத்தோ விழுந்தால் போதும், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தாடிக்காரர் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனார். அது திரையைத் தொட ஆரம்பித்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு சின்ன ஒலி. சரிக்கு உயர்ந்த ஒலி, தப்புக்குத் தாழ்ந்தது. தாழ்ந்த ஒலி. மறுபடி தாழ்ந்த ஒலி. மழைச் சத்தத்துக்கு நடுவே, சொட்டுகிற குழாய் போல, ஒரே இடைவெளியில் தாழ்ந்த ஒலி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபதாவது கேள்வியில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதன் கண்களைப் பார்த்தாள். கேள்வி வந்ததும் அந்த அகன்ற கண்கள் நான்கு பெட்டிகளிலும் ஓடவில்லை. நேராகச் சரியான விடையில் போய் நின்றன. ஒரு கணம் நின்று, பிறகுதான் விரல் வேறு பெட்டிக்குப் போனது.

நாற்பதும் தப்பு.

ஒன்றுகூடச் சரியாக விழாமல் இருக்க வேண்டுமானால், நாற்பது முறையும் சரி எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அதன் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தாள் திருத்துகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தது.

போன் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. கணவர்.

“மழை பலமா இருக்கு, நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?”

“வேண்டாம். பஸ்லயே வந்துடறேன்.”

“என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. எதை என்று சொல்வது? “ஒண்ணுமில்ல. தூக்கம் சரியில்ல, அதான்.”

தாடிக்காரர் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது பிள்ளைதான் முன்னால் நடந்தது. அவர் பின்னால் போனார்.

உண்மையை எழுதினால் இருபத்து நான்கு உயிர் போகும். எழுதாவிட்டால் நாளைக்கு லாரியில் ஏறி, ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் கீழே ஓடுகிற குழாய்களுக்குள் அவை போய்விடும். அவள் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிச் சத்தம் நாற்பது நிமிடம் காதுக்குள் ஓடி ஓய்ந்தது. இன்னொரு முறை அதைக் கேட்டுக்கொண்டு இந்த நாற்காலியில் இருக்கத் தன்னால் ஆகாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போகட்டும். பிழைத்துப் போகட்டும். சான்றிதழில் இருபத்து நான்கு இடத்திலும் முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.  பல வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல எழுந்து நகர்ந்தது போல இருந்தது. கொஞ்சம் அழுதாள்கூட.

முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் சத்தங்கள் குறைந்திருப்பதைக் கவனித்தாள். மேல்மாடியில் டைப் அடிக்கும் பெண் நாள் முழுக்க ரேடியோ வைத்திருப்பாள். ரேடியோ இல்லை. ஐந்து மணிக்குக் காவலாளி இரும்பு நாற்காலியை உள்ளே இழுத்துப் போடும் கிறீச் இல்லை. மழைகூட நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும்.

பிறகு ஓர் உறுமல். தாழ்வாரக் கடைசியிலிருந்து. முதலில் தடுக்கித் தடுக்கி, பிறகு சீராக.

மின்விசிறி.

அவள் சான்றிதழைப் பிடித்தபடி ஓடினாள். “நிறுத்துங்க,” என்றாள். “முப்பத்தொண்ணுதான் போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் முப்பத்தொண்ணு.” குரல் தாழ்வாரத்தில் போய் அடிபட்டுத் திரும்பி வந்தது.  பிள்ளைகளின் கூண்டுகளைக் கடந்தாள். கதவுகள் திறந்திருந்தன. உடைக்கவில்லை. சாவி போட்டு, ஒழுங்காக. உள்ளே போர்வைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

கடைசியில் இரும்புக் கதவு. அதுவும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வெறும் அறை. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சின்ன ஒலி. தாழ்ந்தது.

தேர்வறையிலிருந்து.

மறுபடி. தாழ்ந்தது.

அவள் திரும்பி நடந்தாள். கால்கள் நடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். தேர்வறைக்கு வெளியே சுவரோரம் டைப் அடிக்கும் பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் காவலாளி. பின்னால் மேலாளர். செருப்புகளைக் கழற்றி ஒரு பக்கமாக அடுக்கி வைத்திருந்தார்கள். யாரையும் கட்டிப்போடவில்லை. ஒவ்வொருவர் விரலையும் நீண்ட சாம்பல் விரல்கள் இதமாகப் பிடித்திருந்தன, குழந்தையைச் சாலை கடக்க வைப்பது போல. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே, தாழ்ந்த நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, தாடிக்காரர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்கு பிள்ளைகள். ஒன்றின் கையில் பென்சில்.

தாடிக்காரரின் விரல் திரையைத் தொட்டது. தாழ்ந்த ஒலி. பென்சில் எழுதியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“மார்க்கம்மா,” என்றார் திரும்பாமலே. மெல்லிய குரல். “எனக்கு ஒண்ணுமே புரியல. இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

பிள்ளைகளில் ஒன்று எழுந்து வந்தது. அவள் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, பார்த்து, மடித்து, மேசையில் வைத்தது. அவள் விரலைப் பிடித்தது. சூடான, உலர்ந்த பிடி. நாற்காலியருகே நின்ற இன்னொன்று தாடிக்காரரைக் கைப்பிடித்து எழுப்பி, தாழ்வாரத்தின் கடைசியைப் பார்த்து அழைத்துக்கொண்டு போனது. அவர் போனார். சண்டை போடாமல் போனார்.

அவளை உட்கார வைத்தார்கள். இருக்கை இன்னும் அவர் சூட்டோடு இருந்தது.

திரை வெளுத்தது. முதல் கேள்வி வந்தது. படமா, எழுத்தா. வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்று, மெல்ல அசைந்தன. கீழே நான்கு பெட்டிகள். நான்கிலும் அதே போன்ற வளைவுகள். அவள் பார்த்தாள். கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். எது எதிலிருந்து வேறு என்றுகூடத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நான்கு ஜோடி அகன்ற கண்கள் முன்னால் சாய்ந்தன. ஆர்வமாக. அன்பாக என்றுகூடச் சொல்லலாம். பென்சில் தாளின்மேல் தயாராக நின்றது.

அவள் விரலைத் தூக்கினாள்.