மூலைக்காரியின் பங்கு

வீல் என்று சங்கு அலறியது. ஏழு பெண்களும் அவரவர் காதுக்குப் பின்னால் இருந்த சின்ன மேட்டை ஒருமுறை தடவிக்கொண்டார்கள்.

"மனசத் தொடச்சு வச்சுக்கோங்கடி!" என்று கத்தினார் தவசி மாஸ்டர். "போன மேட்ச்ல ஒருத்தி ஆட்டத்துக்கு நடுவுல பரோட்டாவ நெனச்சிட்டா. பூமியில பதிவ வாங்கினவங்க அத்தன பேருக்கும் அகோரப் பசி. கம்பெனிக்காரன் என்னைய வறுத்து எடுத்துட்டான்."

நிலாவில் கபடி ஆடும் கல்லூரிகளில் இது வாடிக்கை. சங்கு ஊதியதும் காதுக்குப் பின்னால் இருக்கும் உணர்வுச்சில்லு திறந்துகொள்ளும். ஆட்டம் முடியும்வரை அவர்களுடைய மூச்சு, வலி, களிப்பு எல்லாம் பதிவாகும். பூமியில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் சாய்ந்து, ஏழு பேரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவளாகவே அந்த ஆட்டத்தை ஆடிப் பார்ப்பார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பணம் மொத்தமும் கல்லூரிக்குத்தான். இந்த ஆண்டுதான் ஆட்டக்காரிகளுக்கும் பங்கு என்று விதி வந்தது. எவளுடைய பதிவு எவ்வளவு விற்கிறதோ அதற்குத் தக்கபடி, பருவம் முடிந்ததும் கைக்கு வரும்.

பூவரசிக்கு அந்த விதியைக் கண்டாலே ஆகாது. காரணம், மெர்லின்.

மெர்லின் பாடிப் போகிறவள். நிலாவின் சொற்ப ஈர்ப்பில் "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எம்பினால், எதிரணியின் தலைக்கு மேல் குட்டிக்கரணம் அடித்து, கூரையில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டில் படாமல், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் பூப்போல வந்து இறங்குவாள். அரங்கம் அதிரும். இடது மூலையில் கணுக்கால் பிடிக்கக் காத்து நிற்கும் பூவரசிக்கு அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து தொண்டைவரை தீயாய் எரியும். மூலைக்காரியின் பதிவை எந்தப் பைத்தியம் வாங்கும்?

தாழ்வாரச் சுவரெல்லாம் மெர்லின். பதிவுப் பெட்டியின் மேல் மெர்லின். தண்ணீர்ப் பையில்கூட மெர்லின் சிரித்தாள். இருவருக்கும் ஒரே அறை. பூவரசி தண்ணீர் குடித்ததும் பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள்.

"பங்கு வந்ததும் லீவுக்கு ஊருக்கு ஒரு சீட்டு போட்றவேண்டியதுதான். உனக்கு என்னடி வாங்கிட்டு வரட்டும்?" என்று பருவத் தொடக்கத்தில் மெர்லின் கேட்டிருந்தாள். கொஞ்ச நாளாக அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை. பங்கு உறுதியான பிறகு பேச்சு எதற்கு என்றுதான் பூவரசி நினைத்தாள். தூத்துக்குடியில் பூவரசியின் அம்மா தனியாக இருந்தாள். இங்கே வந்த பிறகு அம்மாவைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். மெர்லின் போவாள், தன்னால் போக முடியாது. அதுதான் முள்ளாய்க் குத்தியது.

பங்கு முறையை ஒழிக்க வேண்டும் என்று கல்லூரிச் சபையின் புகார்ப்பலகையில் விரலை அழுத்தினாள். அதே அணியில் இன்னொருத்தியின் ரேகையும் இருந்தால்தான் புகார் எடுபடும். அந்த இரண்டாவது ஆள் யாரென்று வெளியே சொல்லமாட்டார்கள். யார் வைக்கப்போகிறார்கள் என்று அவள் நம்பிக்கையற்று இருந்தபோதே விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி! யாரென்று தெரியாததால், மெர்லினைத் தவிர மற்ற எல்லோரிடமும் கொஞ்சநாள் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

சபையில் பூவரசி பொரிந்து தள்ளினாள்.

"படிக்க வந்த இடத்துல பேரையும் புகழையும் கூவி விக்கலாமாங்கய்யா? ஆட்டம்கிறது ஒரு தவம் இல்லையா?"

சபைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாணவின்னா இப்படி இருக்கணும்மா" என்றார். தீர்ப்பு அப்போதே வந்தது: பதிவு விற்பனை வழக்கம்போல நடக்கும். ஆட்டக்காரிகளின் பங்கு மட்டும் இன்றோடு ரத்து.

மிதக்காத குறையாக அறைக்குத் திரும்பினாள் பூவரசி. மெர்லின் கட்டிலில் சம்மணமிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி நீ. எவ்வளவு ஆசையா இருந்த" என்றாள் பூவரசி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"எனக்கு வரவேண்டியது டீ குடிக்கக்கூடக் காணாது. பறக்குறத ஒருதடவ பாத்துட்டு விட்டுடுறாங்களாம். விளம்பரம் எடுக்க வந்த கம்பெனிக்காரன் சொன்னான். பெட்டி மேலதான் என் மூஞ்சி. வாங்குறது பூரா உன்னைய."

"என்னையவா? நான் மூலையில சும்மா நிக்கிறவடி!"

"சும்மாவா நின்ன? நான் பறக்குறப்பல்லாம் வயிறெரிஞ்சில்ல நின்ன! பக்கத்து சீட்டுக்காரனுக்குப் புரமோஷன் வந்தா ஆபீஸ்ல எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருக்காம். திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறாங்களாம். உன் பங்கு வந்திருந்தா, ஊருக்குப் போய் உங்கம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

பூவரசி கட்டிலை நோக்கிப் பாய்ந்தாள்.

"அடிப்பாவி! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் விரலே வச்சிருக்கமாட்டேனே! ஏண்டி சொல்லல?"

மெர்லின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். தன் முகம் தெரியாதபடி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"உசுரக் குடுத்துப் பறக்குறது நானு, விக்கிறது நீயா? அந்த ரெண்டாவது ரேகை என்னுதுதான்டி."