மணிக்குத் தொப்பி, மூக்கிக்குச் சளி

கிட்ட வாங்க, கண்ணுகளா. ஓரமாக உட்கார்ந்திருக்கிற சின்னவளே, நீயும் நகர்ந்து வா. தும்மல் வந்தால் தாராளமாகத் தும்மு. இன்றைக்கு நான் சொல்லப்போகிற கதையே ஒரு தும்மலில்தான் திரும்புகிறது.

ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர். மேலே அறை அறையாகக் குடித்தனங்கள். மாடிக்கு ஒரு பொது அடுப்படி. உச்சி மாடியில் ஒரு சிறுமி இருந்தாள். கீழே யாராவது வெங்காயம் வதக்கினால், மேலே இருந்தபடியே, "அடி பிடிக்குது, கிளறுங்க" என்று குரல் கொடுப்பாள். அதனால் எல்லோரும் அவளை மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு மாடியிலும் அடுப்படி வாசலுக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டக் கருவி இருந்தது. புகை பட்டால் கத்தும். புகைமணி என்பார்கள். வெங்காயம் வதக்கினாலும் கத்தும், ரொட்டி கருகினாலும் கத்தும்.

மூக்கியின் அப்பா ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பகலில்தான் தூங்குவார். மணி கத்தினால் பாவம், திடுக்கிட்டு எழுந்துவிடுவார்.

நடு மாடித் தையல்கார மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. மிச்சத் துணியில், எலாஸ்டிக் வைத்து, பூப்போட்ட தொப்பிகள் தைத்து எல்லா மணிக்கும் மாட்டிவிட்டார். அப்புறம் மணிகள் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்காரரும் அண்ணாந்து பார்த்து, "அளவெல்லாம் கச்சிதமா இருக்கே" என்று மெச்சினார். தனக்கும் ஒரு முழுக்கைச் சட்டை தைக்கச் சொன்னார்.

"தீப்பிடிச்சா எப்படித் தெரியும்?" என்று யாரோ கேட்டதற்கு, "நம்ம மூக்கி இருக்கா இல்ல?" என்றார் மாமா. மூக்கிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் அவளுக்குச் சளி பிடித்தது. "அச்சூ" என்றாள். அவ்வளவுதான், மூக்கு அடைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் மூக்கி அடுப்பில் பால் வைத்திருந்தாள். அப்பா எதிர் அறையில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா படியிலேயே இருமினாள்.

"என்னடி இது, வீடெல்லாம் புகை? பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கரியாப் போச்சு. உனக்குத் தெரியலையா?"

மூக்கி திரும்பிப் பார்த்தாள். புகை அப்பாவின் கட்டில் வரை போயிருந்தது. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேலே மணி, தொப்பி போட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

அம்மா அடுப்பை அணைத்தாள். விஷயம் கேள்விப்பட்ட மாமா, "மூக்கி மூக்குக்கு இன்னைக்கு லீவு" என்று சிரித்தார். மூக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றாள்.

"ஐயா, அந்தத் தொப்பியெல்லாம் கழட்டணும்."

"சளிதானே பாப்பா? ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சளி சரியாயிடும். ஆனா தினமும் நான் பள்ளிக்கூடம் போயிடறேனே. அப்போ யாரு மோந்து பாப்பாங்க? அப்பா தூங்குவாரே."

வீட்டுக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"கழட்டினா மறுபடியும் வெங்காயத்துக்கெல்லாம் கத்துமே. அப்பா எப்படித் தூங்குவார்?"

"அடுப்படி வாசல்லயே மாட்டினா கத்தாம என்ன பண்ணும்? பக்கத்துலயே நின்னு புகைய மூஞ்சியில ஊதினா நான்கூடத்தான் கத்துவேன். கொஞ்சம் தள்ளி மாட்டுங்க."

"வேற ஏதாவது உண்டா?"

"பின்படி இறங்கினா, பின்பக்கக் கதவு பூட்டியே இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. நீங்க கடைக்குப் போனா சாவியும் கடைக்குப் போயிடுது."

"திருடன் வருவான்னுதான் பூட்டினேன்."

"திருடன் உள்ள வர முடியாது, சரி. நாங்க வெளிய வரணுமே, ஐயா."

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வீடு என்னுது. இதையெல்லாம் பாக்க வேண்டியவன் நான்" என்றார் கடைசியில். "அந்த வேலைய உன் மூக்கு தலையில கட்டிட்டேனே."

"மூக்குக்கு ஏது தலை, ஐயா?"

இப்போது அவர் நிஜமாகவே சிரித்தார்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்தார். மணிகளைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றினார். அடுப்படிக்குள் சூட்டுக்கு மட்டும் கத்துகிற இன்னொன்றை வைத்தார். பின்கதவில் பூட்டுப் போய், உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் வந்தது. கழற்றிய தொப்பிகளைப் பிரித்து, மாமா மூக்கிக்குக் கைக்குட்டைகள் தைத்துக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து, மூக்கி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். மாமா இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு, தெருவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று இறங்கிப் போய்விட்டார். துணி புகைந்தது, பற்றிக்கொண்டது. நடு மாடி முழுக்கப் புகை.

மணி வீல் என்று கத்தியது.

உச்சி மாடியில் அப்பா துள்ளி எழுந்தார். முன்படியில் புகை. பின்படியில் ஓடி இறங்கினார். தாழ்ப்பாளைத் தள்ளினார். கதவு திறந்தது. மற்றவர்களும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து சட்டென்று அணைத்துவிட்டது.

மூக்கி வீடு திரும்பியபோது அப்பா தெருவில், வெறுங்காலோடு, கலைந்த தலையோடு நின்றார். அவள் ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள்.

"புகை வாசனையே இல்லப்பா."

"புகை மேல வர்றதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டேன்டா."

தையல்கார மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேசையும் கொஞ்சம் துணிகளும் போயின. அதில் வீட்டுக்காரரின் புதுச் சட்டையும் ஒன்று. சட்டையின் இரண்டு கையும் பாதிவரை கருகிவிட்டன.

"ஐயா, உங்க முழுக்கைச் சட்டை..."

"வெட்டிட்டு அரைக்கையாத் தைச்சுக் கொடுய்யா. வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். வீடு சரியாகிறவரைக்கும் மாமாவுக்குத் தன் முன்னறையையும் ஒழித்துக் கொடுத்தார்.

இன்றைக்கும் அந்த அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் மாடி மாடியாக ஏறி, கத்துகிறதா என்று மணியை அழுத்திப் பார்க்கிறாராம்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு நாளும் எரியட்டும், தீ அடுப்போடு நிற்கட்டும். உங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கி, எழ வேண்டிய நேரத்தில் எழட்டும். கதவெல்லாம் உங்கள் கைக்குத் திறக்கட்டும்.