ஏழாவது கம்பத்தில் மணலின் சூடு

"எங்க போயிருந்தேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லிடப் போறியா?"

"சொல்லுவேன்."

"பொய்தானே சொல்லுவே. அதுக்கு நான் காது வேற கொடுக்கணுமா? போய்க் கையைக் கழுவு. உருளைக்கிழங்கு ஆறிப்போகுது."

டெல்ஃபினோ சிரித்தான். ஏழு வாரம் காணாமல் போயிருந்தவன், கடைக்குப் போய் வந்தவன் போலத் தொப்பியை ஆணியில் மாட்டினான். பச்சை மிளகாய்க் குழம்பில் ரொட்டியை முக்கிக்கொண்டே சொன்னான்: "உன்னை மாதிரி கதவு திறக்கிறவ இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது, மினி."

அந்தப் பேச்சு நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அவனிடம் கேட்க அன்றும் எர்மினியாவிடம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். பதினாறு வருடக் கல்யாணத்தில் ஒன்பது முறை போய் ஒன்பது முறை திரும்பி வந்தான். ஒன்பது முறையும் அந்த வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. கேட்டால் அப்படியே செய்துவிடுவானோ என்று பயந்து, ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். ஆசை அப்படி.

பத்தாவது முறை, மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதத்தில், தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைத்த ஒரு மத்தியானம், மணல்மேட்டில் ஏறிப் போனான். பதினோரு நாள் தேடினார்கள். நாய்கள், குதிரைக்காரர்கள், ஹெலிகாப்டர். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது நவம்பர். ஏழாவது கம்பத்தின் அருகே நின்று, நீட்டினாலே சூட்டைக் காட்டும் வெப்பமானியை எர்மினியா இரண்டாம் முறையாகத் தட்டிப் பார்த்தாள்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முதல் பெரிய மேடு வரை நட்டிருக்கும் பத்துக் கம்பங்களிலும் மணலின் சூட்டை அளந்து, மணல்மேட்டுப் பூங்காவின் வாசல் பலகையில் எழுதுவது அவள் வேலை. ஜூலையில் அது நூற்று நாற்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். பலகையைப் படிக்காமல் செருப்பில்லாமல் ஏறிய நகரத்துக்காரர்கள் கொப்புளம் வெடித்து அழுதுகொண்டே இறங்குவார்கள். மே மாதம் ஓடையில் பனி உருகி வரும். குழந்தைகள் விழுந்து புரள்வார்கள். நவம்பரில் யாரும் வருவதில்லை. ஓடை வற்றி, அதன் படுகை வெறும் மணலாகக் கிடக்கும். ஆனாலும் அளக்க வேண்டும், எழுத வேண்டும்.

ஒன்று முதல் ஆறு வரை உறைபனிக் குளிர்: முப்பது, முப்பத்தொன்று, இருபத்தொன்பது. ஏழாவதில் தொண்ணூற்றெட்டு.

எட்டாவதில் மறுபடியும் முப்பது.

கருவியைத் தன் நெற்றிக்குத் திருப்பினாள். தொண்ணூற்றேழு. கருவி சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் பனியைக் கவனித்தாள். விடியற்காலையில் மாவு சலித்தது போலப் பெய்த பனி மேடெங்கும் வெள்ளையாகப் படிந்திருக்க, ஏழாவது கம்பத்தடியில் மட்டும் மணல் கறுத்து ஈரமாக, ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குத் திறந்து கிடந்தது.

வாக்கி டாக்கியில் வெண்டலிடம் சொன்னாள். அவர் பூங்காவின் மூத்த காவலர். இருபது வருடமாக இதே காற்றைத் தின்று வாழ்பவர்.

"மணலுக்குக் காய்ச்சலா? ஒரு மாத்திரையைக் கொடுத்துட்டு வா."

"விளையாடாதீங்க வெண்டல். இது காய்ச்சல் இல்ல. மனுஷ உடம்போட சூடு."

"அடியில ஏதாவது மிருகம் வளை தோண்டியிருக்கும். முப்பதுன்னு எழுதிட்டு வா, எர்மினியா. இந்தக் குளிர்ல எவன் வந்து படிக்கப் போறான்?"

முப்பது என்றே எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பலகையில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான்.

மறுநாள் ஏழாவது கம்பம் குளிர்ந்து கிடந்தது. ஆறாவதில் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்த நாள் ஐந்தாவதில். மலைக் கணவாய் வழியாக வடகிழக்குக் காற்று எழுந்து, இலையுதிர் காலம் முழுவதும் மலையடிவாரத்தில் குவிந்த மணலையெல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லா நவம்பரிலும் நடப்பதுதான். ஆனால் அந்தக் காற்றில் இந்த வருடம் ஈரக் கம்பளியின் வாசனை இருந்தது; பைன் விறகுப் புகை ஊறிய சட்டையின் வாசனை; அதற்கடியில், வெகுநேரம் தூங்கி எழுந்தவன் கழுத்தில் இருக்கும் வாசனை. பதினாறு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடவே ஒரு முனகலும் இருந்தது. கோடையில், காய்ந்த மணல் சரியும்போது மேடு தேன்கூட்டைப் போல முனகும். அதைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள். ஈரமாகி உறைந்த மணல் முனகாது. இது முனகியது. மேலும் கீழுமாக, வார்த்தையில்லாத ஒரு மெட்டில், கண்ணாடி முன் தாடையைத் தூக்கிச் சவரம் செய்துகொள்பவன் மூக்கால் முனகுவது போல.

எர்மினியா ஓடவில்லை. ஐந்தாவது கம்பத்துக்கு முன்னால் காலை அகட்டி நின்றாள்.

"மூணு வருஷம் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

முனகல் நின்றது. அதுதான் அவளை உலுக்கியது. கேட்டு நின்றது போல நின்றது.

அன்றிரவு அடுப்பில் விறகை அடுக்கி அடுக்கித் தீ மூட்டியும் குளிர் விடவில்லை. கருவியை நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. காலையில் வெண்டல் சாவிக்கொத்தை வாங்கும்போது அவள் விரல் பட்டு விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன இது, பிணம் மாதிரி இருக்கு கை? வீட்ல அடுப்பு எரியுதா இல்லையா?"

"எரியுது. எனக்குத்தான் பத்தல."

நான்காவது கம்பத்தில் தொண்ணூற்றெட்டு. அவள் நெற்றியில் தொண்ணூற்றொன்று.

அப்போது புரிந்துகொண்டாள். அது எங்கிருந்து சூடாகிறது என்று அதற்குமேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவது கம்பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஓடைப்படுகை. நீர் ஓடும் மாதங்களில் மணல் இந்தப் பக்கம் தாண்டாது. மேட்டுக்கு அதுதான் வேலி. இப்போது வேலி இல்லை. மறுநாள் மூன்றாவது கம்பத்தைச் சுற்றிப் பனி உருகியிருந்தது.

சனிக்கிழமை புயல் எச்சரிக்கை வந்தது. வடகிழக்கிலிருந்து ஐம்பது மைல் வேகம், ஒன்றரை அடி பனி, பூங்கா மூடல். எல்லாவற்றையும் அவளே பலகையில் எழுதினாள். மத்தியானத்துக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். வெண்டல் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"ஏறு."

"நீங்க போங்க."

"பிடிவாதம் பிடிக்காதே. ரோட்டை மூடிட்டா திங்கக்கிழமை வரைக்கும் உன்னை யாரும் எட்டிப் பார்க்க முடியாது."

"என்னைப் பார்க்க ஆள் வருது வெண்டல். அதுக்குத்தான் இருக்கேன்."

அவர் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பின்விளக்குகள் பனியில் கரைந்தன.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. பிரிசிலியானா. டெல்ஃபினோவின் தங்கை, பழைய கோட்டை இருக்கும் பக்கத்து ஊரில் இருப்பவள். அண்ணன் போன பிறகும் அண்ணியை விடாதவள்.

"அண்ணி, இன்னும் கிளம்பலையா நீ?"

"உங்க அண்ணன் வர்றான் பிரிசி."

"குடிச்சிருக்கியா?"

"காபி. அதுவும் கையில எடுத்ததும் ஆறிப்போகுது."

"பேசாம இங்க வந்துடு. பொசோலே சூப் வச்சிருக்கேன். பசங்க உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பத்துத் தடவை அவன் போனான். இந்த வீட்டை விட்டு நான் ஒரு தடவைகூடப் போனதில்ல. இது என் வேலைக்குக் கொடுத்த வீடு. அவனுக்குப் பயந்து நான் ஏன் ஓடணும்?"

பிரிசி மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேறு குரலில் பேசினாள்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்கோ. எங்க அண்ணன்தான், ஒரே வயித்துல பொறந்தவன்தான். ஆனா ஒவ்வொரு தடவை அவன் திரும்பி வர்றப்பவும் நான் பார்த்திருக்கேன். அவன் தெளிஞ்சுக்கிட்டே வருவான், நீ வத்திக்கிட்டே போவே. கதவைத் தட்டினாலும் திறக்காதே அண்ணி. அவன் குரலே கேட்டாலும்..."

இணைப்பு அறுந்தது.

நான்கு மணிக்கே இருட்டியது. எர்மினியா தாழ்ப்பாளைப் போட்டாள். மேல் கொண்டியையும் மாட்டினாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். வண்டி நிறுத்துமிடம் முழுவதும் கணுக்கால் அளவு பனி. விளக்குக் கம்பத்து மஞ்சள் வெளிச்சத்தில் செதில்கள் சாய்வாக விழுந்துகொண்டிருந்தன. அவை விழும் இடமெல்லாம் நிலைத்தன. ஒரே ஒரு கோட்டில் மட்டும் நிலைக்கவில்லை. ஓடைப் பக்கமிருந்து, இரண்டாவது கம்பத்தைத் தாண்டி, முதல் கம்பத்தைத் தாண்டி, கறுப்பாக ஆவி பறக்கும் ஒரு நடைபாதை, ஒரு ஆள் அகலத்துக்கு, அவள் வீட்டுப் படியை நோக்கி அவசரமில்லாமல் திறந்துகொண்டே வந்தது.

மூன்று தட்டு. மோதிரம் போட்ட விரலால் தட்டும் சத்தம்.

அவள் அசையவில்லை.

மறுபடியும் மூன்று.

கருவியை எடுத்துக் கதவை நோக்கிப் பிடித்தாள். நிலையருகே முப்பத்தாறு. நடுக்கதவில், முழங்கால் உயரத்தில், தொண்ணூற்றெட்டு. இடுப்பு உயரத்தில் தொண்ணூற்றெட்டு. மார்பு. தோள். முகம் இருக்க வேண்டிய இடம். அதற்குமேல் முப்பத்தாறு. ஓரங்களில் முப்பத்தாறு. மரத்தின் அந்தப் பக்கம் முழு உடம்பையும் அழுத்திச் சாய்ந்து நின்றது அது.

தன் நெற்றியை அவள் அளக்கவில்லை. விரல்களின் நிறமே போதுமாக இருந்தது.

"திறக்க மாட்டேன்," என்றாள். பல் கிடுகிடுத்தது. "கேக்குதா? இந்தத் தடவை திறக்க மாட்டேன்."

தட்டல் நின்றது.

கதவின் அடி இடுக்கில் சரசரவென்று ஒரு சத்தம். மணல் வந்தது. அந்த வீட்டில் மணல் வராத நாளில்லை. தினமும் இரண்டு வேளை பெருக்குவாள். துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாள். வந்தது. தள்ளினாள். காற்றுக்கு வரும் மணல் சிதறி வரும். இது சிதறவில்லை. கதகதப்பாக, வழவழவென்று, கால் நுழைப்பது போல உள்ளே நுழைந்தது.

தரையில் குவிந்தது. இரண்டு குவியல்.

பூட்ஸ். முனை உள்நோக்கி.

கதவு மூடித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி. கொண்டி மாட்டியபடி.

மணல் நிற்கவில்லை. கணுக்கால். முழங்கால். அடுப்பில் தீ தணிந்தது. இடுப்பு. கம்பளி வாசனை. ஒரு கை. அந்தக் கை மெல்ல நீண்டது. உள்ளங்கை விரிந்தது. ரேகைகள்கூட இருந்தன. தட்டுக்காகக் காத்திருப்பவன் கை.

முகம் கடைசியாக வந்தது. கண் இல்லை. வாய் இருந்தது. அது சிரித்தது.

அவள் கால்கள் மரத்துவிட்டன. பின்வாங்க ஒரு அடிதான் இருந்தது. அந்த ஒரு அடியை அவள் முன்னால் வைத்தாள். துடைப்பத்தைக் கீழே போடவில்லை. நீட்டிய கைக்கும் அவள் மார்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

மூச்சை இழுத்தாள். விட்டாள். அந்தக் குளிரில் அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை. எதிரிலிருந்த மணல் வாயிலிருந்து வந்தது. அவள் விட்ட மூச்சு, வெள்ளையாக, அங்கிருந்து வந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பதினாறு வருடமும் அதற்கு மேல் மூன்று வருடமும் தொண்டையில் கிடந்ததை, நாக்கு உறைந்து போகுமுன், ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினாள்.

"டெல்ஃபினோ. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன். இனிமே திரும்பி வராதே."