இரண்டு பெட்டிக்கு ஒரு ப்ளக்

“கையை எடுங்க. இது என் முறை.”

“உங்க முறைன்னு யார் சொன்னா? முதல்ல வந்தது நான்.”

“முதல்ல வந்து தூங்கிட்டீங்க. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?”

நன்னிலத்து ரைஸ் மில் களத்தில் ஒரே ப்ளக்கை இரண்டு கைகள் பற்றியிருந்தன. ஒன்று, நாகப்பட்டினத்து மீன் வியாபாரி நாகநாதனின் மகள் நீலாயதாட்சியுடையது. படகை விற்று அப்பா அனுப்பும் முதல் மீன் கண்டெய்னருக்குக் காவலாக வந்தவள். மற்றது, முதலில் வந்து தூங்கிப்போன வீரையனுடையது. இறால் பண்ணைக் கம்பெனியின் சூப்பர்வைசர்.

துறைமுகத்தில் இந்தக் கண்டெய்னர் குளிர்ப்பெட்டிகளுக்குக் கரண்ட் தரும் ப்ளக் எல்லாம் நிரம்பிவிட்டதாம். கூப்பிடும்வரை யாரும் வரக்கூடாதாம். லாரி ஜெனரேட்டரோ வழிப்பயணத்தோடு சரி. இவ்வளவு கரண்ட் தாங்குவது இந்த வட்டாரத்தில் இந்த மில் ஒன்றுதான்... அதிலும் ஒரே ப்ளக்.

“சரிங்க, உச்சிப்பொழுது வரை உங்களுக்கு. அப்புறம் எனக்கு,” என்றான்.

“வெயில் நேரத்துல என் பெட்டி கரண்டில்லாம கிடக்கணும். நல்ல பேரம்தான்.”

“நாளைக்கு மாத்திக்கலாம்ங்க. மேடத்துக்கிட்ட ஜெயிக்க முடியுமா?”

சிரித்தான். மழைக்கு முந்தைய வானம் போல இருண்ட கண்கள்... அந்தக் கண்களில் சிரிப்பு வந்ததும் நீலாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் மறந்துபோயிற்று. விலை பேசும் இடத்தில் கண்ணைப் பார்க்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை தூறல். நெல் மூடும் படுதாவுக்கடியில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். தோள் படவில்லை. பட்டிருக்கலாம்...

மூன்றாம் நாள் காலையில் அவன் முகம் சரியில்லை.

“ஊர்ல மறியல். வயலையெல்லாம் இறால் குட்டையா மாத்திட்டாங்கன்னு கூலிக்காரங்க எல்லாம் ரோட்டுல உக்காந்திருக்காங்க. எங்கம்மா முன்வரிசையில. கம்பெனி சம்பளத்துல நான் எடுத்துக் குடுத்த சேலையைக் கட்டிக்கிட்டு.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

“உச்சிக்கு என் பெட்டிக்கு மாத்திடுவீங்கல்ல?”

“மாத்தறேன்.”

அவன் போன சிறிது நேரத்தில் மில் போன் அடித்தது. துறைமுகத்தில் ஒரு ப்ளக் காலியாகிறதாம். மைனஸ் பதினெட்டு காட்டுகிற பெட்டி எதுவோ அது உடனே கிளம்பலாம். நீலாவின் பெட்டி மைனஸ் பதினாறில் நின்றது. சாயங்காலம் வரை கரண்ட் ஓடினால் போதும்.

உச்சி வந்தது. ப்ளக்கருகே போனாள். படகில்லாத கரையில் அப்பா நிற்பது தெரிந்தது. அந்த இருண்ட கண்களும் தெரிந்தன... திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவன் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. நீலாவின் பெட்டி அப்போதுதான் மைனஸ் பதினெட்டைத் தொட்டிருந்தது. சட்டை கிழிந்திருந்தது, நெற்றியில் தடியடிக் காயம். அவனுடைய பெட்டியின் அடியிலிருந்து இறால் நாற்றத்தோடு தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் மாத்தலை,” என்றாள் நீலா. “போன் வந்துச்சு. எங்கப்பாவுக்கு வேற வழியில்ல.”

“இன்னிக்குப் போன் வரும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. மாத்த மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் போனேன்.”

அவள் நிமிர்ந்தாள்.

“அந்தக் குட்டையெல்லாம் எங்கம்மா நடவு நட்ட வயலுங்க. உப்புத் தண்ணிய விடறப்ப பக்கத்துல நின்னு மேற்பார்வை பாத்தவன் நான். இந்தச் சரக்கு கெடணும்னு இருந்துச்சு... என் கையால கெடுக்கத் துணிச்சல் வரலை.”

“அதனால என் கையை எடுத்துக்கிட்டீங்க.”

அவன் நெற்றிக் காயத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஆனா வழி பூரா, மாத்திடணும்னுதான் வேண்டிக்கிட்டுப் போனேன். மாத்தியிருந்தீங்கன்னா... இந்த வேலைய விட்டுட்டு பொண்ணு கேட்டு உங்கப்பா வாசல்ல வந்து நின்னிருப்பேன்.”

கருவாட்டுக் கூடைக்குக்கூட விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசி வளர்ந்தவளுக்கு, இதற்கு என்ன விலை சொல்வதென்று தெரியவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “மாத்தாம வந்து உக்காந்தப்பவும் பிடிச்சிருந்துச்சு.”

“எனக்கும்தாங்க. அது தெரிஞ்சுதான் இந்தப் பாவத்தை உங்க தலையில கட்டிட்டுப் போனேன்.”

மழை பிடித்துக்கொண்டது. அவனே அவளுடைய ஒயரைச் சுருட்டி லாரியில் வைத்தான்.

“கிளம்புங்க. அந்த இடமும் போயிடும்.”

படியில் கால் வைத்து நீலா நின்றாள். இருக்கச் சொல்வான் என்று ஒரு மூச்சு நேரம்...

வீரையன் டிரைவரைக் கிளம்பச் சொல்லிக் கை காட்டினான்.