இரண்டு மைக்குக்கும் நடுவில்

காலி அறையின் பதிவில் இடது மைக்கின் எண் மட்டும் உயர்ந்திருந்தது.

திரையில் ஒலி அலை நூல் பிடித்தது போல நேராகத்தான் ஓடியது. ஆனால் அவள் கண்ணை நம்பும் எடிட்டர் அல்ல. எந்தப் பதிவையும் தொடுவதற்கு முன் புள்ளிவிவரப் பெட்டியைத் திறந்து, உச்ச ஒலி எவ்வளவு, சராசரி எவ்வளவு, யாரும் பேசாதபோதும் மிஞ்சுவது எவ்வளவு என்று இரண்டு மைக்குக்கும் தனித்தனியே பார்த்துவிடுவாள். பேச்சின் இடைவெளிகளை நிரப்ப, ஆளில்லாத அறையின் நிசப்தத்தைக் காலையில்தான் பதிந்திருந்தாள். அதைப் பல மடங்கு பெருக்கிக் கேட்டாள். சன்னமான இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஈரமாக, நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூச்சு.

அந்த ஸ்டூடியோ அவளுடைய அக்காவின் கணவனுடையது. பதிவில் மூச்சு கேட்கிறது என்று சொன்னபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை தாமதமானால் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும் என்றான். போன வாரம் ஒயர், இந்த வாரம் பேயா என்று கேட்டான்.

"உங்கக்கா மூஞ்சிக்காகத்தான் உன்ன வச்சிருக்கேன். உள்ள போய் உக்காரு. நானே கேக்கறேன்."

கனத்த கதவு மூடியதும் காது அடைத்துக்கொண்டது. சுவரில் ஒட்டிய பஞ்சின் புழுக்கமும், எத்தனையோ வாய்கள் பேசிப்போன மைக்கின் புளித்த நாற்றமும் மூக்கில் ஏறின. எதிரே இடமும் வலமுமாக இரண்டு மைக்குகள். மடியில் லேப்டாப். கண்ணாடிக்கு அப்பால் ஹெட்போனுடன் அவன்.

பதிந்தாள். எண்களைப் பார்த்தாள். இடது, காலையைவிட அதிகம். இடப்பக்கம் திரும்பினாள். பஞ்சு மட்டுமே இருந்தது.

மறுபடி பதிந்தாள். இப்போது வலதும் ஏறியிருந்தது.

மறுபடி. இரண்டும் சமம்.

இரண்டு மைக்கிலும் சமமாக விழும் சத்தம் நடுவிலிருந்துதான் வரும். நடுவில் இருந்தவள் அவள். கேட்டது தன் மூச்சுதான் என்று தோன்றியதும் தோள்கள் தளர்ந்தன.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "மூச்ச அடக்கு."

உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

திரையில் ஒலியளவுக் கோடுகள் ஏறின. இறங்கின. ஏறின.

"அடக்குன்னு சொன்னேன்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் அவன் அவள் கையைப் பார்த்தான். முகம் வெளிறியது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவை நோக்கி ஓடினான்.

திறப்பான் என்று நினைத்தாள்.

வெளித்தாழ்ப்பாள் விழுந்த அதிர்வு கதவில் தெரிந்தது. கண்ணாடியில் அவன் முகம் இல்லை.

கோடுகள் ஏறின. சமமாக. வேகமாக.

வாயைப் பொத்தியிருந்த கையின் மேல், வெளிப்பக்கத்தில், சூடான மூச்சு வந்து பட்டது.