ஏழாம் துளை

முதல் தடவை வைஃபை விழுந்து ஐம்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனந்தகுமாரின் வேலை போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

நல்லேப்பிள்ளிக்கு வெளியே இருந்த அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்கு, நெட்வொர்க் பழுதுகளைச் சோதித்து அறிக்கை தரும் மாதுரி பாலக்காட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள். இந்த வாரம் இது நான்காவது வளாகம். வளாக மேலாளர் ரமேஷ்குமார் வாசலிலேயே புகாரைச் சொல்லி முடித்தார். பழைய வைஃபை பெட்டிகளை எல்லாம் மாற்றிப் புதியவை வைத்தாயிற்று. ஆனால் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் காலை ஆறு பத்துக்கு வாயிற்காவல் அறைப் பெட்டி செத்து, ஏழு மணிக்கு உயிர் பெறுகிறது. அதே பெட்டியை நம்பியிருந்த எதிர்ப் பெண்கள் விடுதியில் அதிகாலை ஆன்லைன் தேர்வு பாதியில் நின்றது. கேபிள் இழுத்தவன் ஒப்பந்த ஊழியன் ஆனந்தகுமார். பதினொரு வருட வேலை. நீக்கக் கடிதம் தயார். ஐந்து மணிக்குக் கையெழுத்து.

காவல் அறைக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. விளிம்பில் கருஞ்சேறு பாதி காய்ந்திருந்தது. ஏப்ரல் மாதம். வளாகத்தில் புல்கூடக் கருகிக் கிடந்தது. மாதுரி தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றினாள்.

உள்ளே மூன்று பேர் நின்றிருந்தார்கள். கைகட்டி நின்றவன் ஆனந்தகுமார். இரவுக் காவலர் அப்புசாமியைப் பகலில் வரவழைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பெருக்க வரும் கமலாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலியாக்கும் மேடம்," என்றார் ஜீப் ஓட்டுநர் ஜின்சன். எந்த வளாகத்திலும் அவருடைய முதல் சந்தேகம் எலி.

"ஏழு மணிக்குத் திரும்பச் சொருகற எலியா, ஜின்சன்?"

சுவர் அலமாரியில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்சில் கேபிள் சொருக இருபத்துநான்கு துளைகள். பாதிக்கு மேல் காலி. மாதுரி மடிக்கணினியை இணைத்து அதன் பதிவுகளைப் படித்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டாள். வருகைக் கருவியும் இப்போது அதே வைஃபையில்தான் ஓடுகிறது, அது வேலை செய்யாவிட்டால் மட்டும் நோட்டில் கையெழுத்து என்று ரமேஷ்குமார் விளக்கினார். மூன்று நாளும் நோட்டில் கையெழுத்துகள் இருந்தன.

தேநீர் வந்தது. மாதுரி குடிக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தூங்கிவிட்டாள் என்று ரமேஷ்குமார் நினைத்தார்.

"வைஃபை பெட்டியோட கேபிள் ஏழாம் துளையில இருந்தது," என்றாள் கண்ணைத் திறக்காமல். "திங்கட்கிழமை ஒன்பதுக்குப் போயிருக்கு. அப்புறம் பன்னிரண்டு. இன்னிக்குப் பத்து. கெட்டுப்போன கேபிள் துளை மாறி நடந்து போகாது."

"அப்ப யாரோ பிடுங்கியிருக்காங்க," என்றார் ஜின்சன் உற்சாகமாக.

"ஒருத்தர் பிடுங்கியிருக்கார். வேற ஒருத்தர் சொருகியிருக்கார். பிடுங்கினவருக்கு எந்தத் துளைன்னு தெரியும். சொருகினவருக்குக் காலித் துளைதான் தெரிஞ்சுது."

கமலாத்தாள் முந்தானையை இறுகப் பிடித்தாள். கம்பி தொங்கினால் மாட்டிவிடச் சொன்னதாகவும், அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் முணுமுணுத்தாள். யார் சொன்னது என்று ரமேஷ்குமார் கேட்டார். அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதுரி தொடர்ந்தாள். கருவி ஓடினால், இரவு வேலை முடியும் ஏழு மணிக்கு முகம் காட்டித்தான் போக முடியும். நோட்டு என்றால் ஏழு மணிக்கு ஆள் வேண்டாம், முன்பே போட்டுவைத்த கையெழுத்து போதும். ஆறு பத்துக்குக் கிளம்பியாக வேண்டிய அவசரம் யாருக்கு? வரும் வழியில் டீக்கடைப் பலகையில், வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் விடும் முறை எழுதியிருந்ததைப் படித்திருந்தாள். கடைமடைக்கு இந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன். காலை ஆறரை முதல். பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் முறை. மடையில் ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

"என் ரிப்போர்ட்ல காரணம்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு," என்றாள். "கேபிள்னு எழுதினா ஆனந்தகுமார் போகணும். நான் அப்படி எழுதமாட்டேன். ஆனா பேரை நான் சொல்றதை விட, அவாளே சொன்னா நல்லது."

ஆனந்தகுமார் தரையைப் பார்த்தபடியே, பரவாயில்லைங்க மேடம், கடுதாசியைக் குடுத்துருங்க, என்றான். யாரையும் அவன் பார்க்கவில்லை.

அப்புசாமி அவனைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே கிடந்த, சேறு காய்ந்த செருப்பைப் பார்த்தார்.

"லீவு கேட்டனுங்க, குடுக்கலைங்க," என்றார் மெதுவாக. "அரை ஏக்கருங்க, கதிர் வாங்குற நேரம். இந்தப் பையன் இழுத்த கம்பியில ஒரு குத்தமும் இல்லீங்க. மூணு நாளும் கேட்டை உட்டுப்போட்டுத் தண்ணி கட்டப் போனது நானுங்க. கம்பியப் புடுங்குனதும் நாந்தானுங்க."